கூரை கட்டிய பொடி

எங்கள் தொழிலில் தப்பு நடந்தால் பொருள் நன்றாக வரும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். நாங்கள் பிளாஸ்டிக்கில் சுண்ணாம்புப் பொடி கலக்கிறவர்கள். எங்கள் ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகும் வெள்ளை மணிகளில் நூற்றுக்கு எண்பது பங்கு பொடி, இருபது பங்குதான் பிளாஸ்டிக். பெயர் மட்டும் பிளாஸ்டிக் மணி. பை செய்கிறவர்களும் நாற்காலி வார்க்கிறவர்களும் அதை வாங்கித் தங்கள் சரக்கோடு சேர்த்துக்கொள்வார்கள், ஏனென்றால் பிளாஸ்டிக் விலை கூடுதல், சுண்ணாம்பு விலை குறைவு. எங்கள் மெஷினில் பொடி தடைப்பட்டுப் போனால் மணி பளபளவென்று, வளைத்தாலும் உடையாமல், அருமையாக வரும். அப்படி அருமையாக வந்தால் ஆலைக்கு நஷ்டம், அன்று யாராவது ஒருவருக்கு இருந்த இடம் போகும். என் அத்தானுக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆனால் இடம் போனதை மட்டும் சொல்வதற்காக நான் உட்காரவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். மெஷினுக்குப் பொடி ஊட்டுகிறவர். ஆலையில் அவருக்குக் கூரைக்காரர் என்று பெயர். பொடியை மேலே ஒரு கூம்புத் தொட்டியில் கொட்டுவார்கள். அது தானாக இறங்கி, சூட்டில் உருகிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கோடு இரண்டு திருகுகளுக்கு நடுவில் மாட்டிப் பிசைபட வேண்டும். ஆனால் அந்தப் பொடி முகப் பவுடரைவிட மெல்லியது. பாதி பொடி, பாதி காற்று. கொஞ்சம் ஈரம் பட்டாலும், கொஞ்சம் அவசரமாகக் கொட்டினாலும் தொட்டியின் குறுகலில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளைவாக நின்றுவிடும். அதற்கு எங்கள் பேச்சில் கூரை கட்டுவது என்று பெயர். மேலிருந்து எட்டிப் பார்த்தால் தொட்டி நிறையப் பொடி இருக்கும். கூரைக்குக் கீழே வெறும் வெளி. பார்க்கிறவனுக்குத் தெரியாது, கேட்கிறவனுக்குத்தான் தெரியும்.

அத்தான் கேட்கிறவர். ரப்பர் சுத்தியலால் தொட்டியின் வயிற்றில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காதை வைப்பார். பொடி இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு மாதிரி, நின்றிருந்தால் ஒரு மாதிரி. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். அவர் மட்டும் "கூரை கட்டிடுச்சு!" என்று கத்திக்கொண்டு கம்பியை எடுத்து ஓடுவார். பொடி இறங்குவதை எடை போட்டுக் காட்டும் மீட்டர் ஒன்று சந்தையில் உண்டு. அதை வாங்கலாமா என்று மேனேஜர் கேட்டபோது முதலாளி, "கூரைக்காரர் காது இருக்கும்போது மீட்டர் எதுக்குய்யா?" என்றாராம். அத்தான் அதை வீட்டுக்கு வந்து பத்து தடவையாவது சொல்லியிருப்பார். பட்டம் வாங்கியவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

என்னை அந்த ஆலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். எனக்குச் சாம்பல் அறை. வரும் மணியில் ஒரு சிட்டிகை எடுத்து, பீங்கான் கிண்ணத்தில் போட்டு எடை பார்த்து, அறுநூறு டிகிரி உலையில் வைத்துவிடுவேன். பிளாஸ்டிக் எரிந்து போய்விடும். சுண்ணாம்பு மட்டும் வெள்ளைச் சாம்பலாக மிஞ்சும். அதை மறுபடி நிறுத்தால் எத்தனை பங்கு பொடி என்று தெரிந்துவிடும். எண்பது என்றால் எண்பது மிஞ்ச வேண்டும். பதினோரு வருஷமாக என் நோட்டில் ஒரு எண்ணைக் கூட மாற்றி எழுதியதில்லை. எனக்கு வாய் நீளம், கோபம் அதிகம், யாருக்கும் அடங்க மாட்டேன் என்று ஆலை முழுக்கப் பேச்சு. ஆனால் என் நோட்டைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. சாம்பல் பொய் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன் என்று திமிராகச் சொல்லிக்கொள்வேன். அந்தத் திமிருக்குப் பின்னால் நல்ல அடி விழுந்தது.

முன்பெல்லாம் அறுபது பங்குதான் போட்டுக்கொண்டிருந்தோம். எண்பது போட்டுத் தா என்று ஒரு பெரிய ஆர்டர் வந்தபோது ஆலையே திணறிப்போனது. மெஷின் வாயிலிருந்து இழை இழையாக வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டியில் நீந்தி, கத்திக்குப் போய் மணியாக வெட்டுப்பட வேண்டும். எண்பது போட்டதும் இழைகள் சாக்பீஸ் மாதிரி பட் பட்டென்று ஒடிந்தன. வெட்டுகிற ஆள் நாள் முழுவதும் தண்ணீருக்குள் கையை விட்டு ஒடிந்ததை ஒட்டவைத்துக்கொண்டு எல்லோரையும் ஏசினார். மணிக்குள் பொடி கரையாமல் வெள்ளைப் புள்ளியாக நின்றது. அத்தான் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு, எல்லாப் பொடியையும் ஒரே வாயில் திணிக்கக் கூடாது, பாதியை முதலில் போடு, மீதியை பிளாஸ்டிக் நன்றாக உருகிய பிறகு பக்கவாட்டில் இன்னொரு வாயில் போடு என்றார். பொடி மூட்டையை முந்தின நாளே பிரித்து வைத்து, காற்று அடங்கவிட்டுப் பிறகுதான் கொட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

"பொடிக்கு அவசரம் ஆகாது சின்னவளே. அவசரப்பட்டா அது கோவிச்சுக்கும், உங்க அக்கா மாதிரி" என்றார் என்னிடம்.

பக்கவாட்டு வாய்க்கு இரண்டாவது தொட்டி ஒன்று வந்தது. இடமில்லாததால் அதை அவர் நிற்கும் இடத்துக்கு இடது கைப் பக்கம் நிறுத்தினார்கள். அவரே அளந்து, அவரே நின்று மாட்டவைத்தார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் என்பார்கள். அது இவர் விஷயத்தில் இப்படி வந்து முடியும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு ஒரு காலத்தில் வெண்கலக் குரல். அவள் மாடியில் சிரித்தால் தெருமுனைக் கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்பார். ஆலைச் சத்தத்திலேயே கிடக்கிற மனுஷனுக்கு அந்தக் குரல்தான் பிடித்துப்போயிருக்க வேண்டும். பெண் பார்த்துவிட்டுப் போன அன்று, முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை, உள்ளே யாரையோ அதட்டிய சத்தம் கேட்டது, அதுவே போதும் என்று சொன்னவர் அவர். குழந்தை இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவர்கள் வீட்டுக்கு மேல் மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். மூன்று பேருக்கும் சேர்த்துக் கீழேதான் சமையல்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது. நாற்பது நாள் மூக்கு வழியே குழாய். அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்ததெல்லாம் காற்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து கூர்ந்து கேட்டால் புரியும். அத்தானைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் டம்ளரைத் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் வாங்க, மூன்று தட்டு என்றால் எவ்வளவு நேரம் கூப்பிடறது என்று அர்த்தம்.

குரல் போனாலும் பேச்சு போகவில்லை. சாயங்காலம் அத்தான் வந்து குளித்துவிட்டு உட்கார்ந்ததும் அவள் தொடங்கிவிடுவாள். பால்காரர் தண்ணீர் கலந்தது, எதிர்வீட்டுப் பெண் அழுதது, கனவில் வந்த பூனை என்று காற்றாலேயே எல்லாவற்றையும் சொல்வாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முகம் மலரக் கேட்பார். ம் என்பார், அப்படியா என்பார், பார்க்கலாம் என்பார், சரி என்பார். இந்த நாலே வார்த்தையில் ஒரு மனுஷன் ஆறு வருஷம் குடும்பம் நடத்தினார். அக்கா அவரைத் தலையாட்டி பொம்மை என்று கேலி செய்வாள். அதற்கும் தலையாட்டுவார்.

விஷயம் எனக்குத் தெரியவந்தது விளையாட்டாகத்தான். ஒரு நாள் ஆலையில் சாப்பாட்டு நேரம், மெஷின் நின்றிருந்தது. அவர் இடது பக்கம் போய் நின்று, "அத்தான், உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு" என்றேன்.

"சரி" என்றார்.

நான் சிரித்தேன். பிறகு இன்னொரு தடவை சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது. முன்னால் போய் நின்று கேட்டேன். "காது கேக்கலையா அத்தான்?"

என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். பொடியைப் புரட்டும் பெரிய மிக்ஸர் இருபது வருஷமாக அவருக்கு இடது பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இடது காது முழுவதும் போய்விட்டது, வலது காதில் பாதி மிச்சம் என்றார். டாக்டரிடம் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். காதில் மாட்டுகிற கருவியை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அப்புறம் ஏன் வாங்கலை?"

"மாட்டினா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே."

"வேலை போயிடும்னு பயமா?"

"வேலை கிடக்கட்டும்" என்றார். "உங்க அக்காவுக்கு இருக்கிறதே ஒரு மூச்சுதான். அதை வெச்சுக்கிட்டு அவ்வளவு சிரமப்பட்டுப் பேசறா. அதுல ஒரு வார்த்தை கூட எனக்கு விழலைன்னு தெரிஞ்சா பேசறதையே விட்டுடுவா. சொல்லிடாதே சின்னவளே. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

பெரியவர் ஒருவர் அப்படிச் சொன்னால் என்ன செய்வது? சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். அதோடு நிற்காமல் ஒத்தாசையும் செய்தேன். சாம்பல் அறை ஜன்னலிலிருந்து அவருடைய மேடை தெரியும். மேனேஜர் பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் கையை ஆட்டுவேன், அவர் திரும்பிக்கொள்வார். வீட்டிலும் அப்படித்தான். அக்கா முக்கியமாக ஏதாவது சொன்னால் நான் அதையே திருப்பி உரக்கச் சொல்வேன். "என்னது, நாளைக்கு கேஸ் சிலிண்டர் வருதா?" என்பேன். அவர் நன்றியோடு என்னைப் பார்ப்பார். என்ன கெட்டிக்காரி நான் என்று அப்போது எனக்குப் பெருமை வேறு. இன்றைக்கு நினைத்தால் என் கையை நானே உலைக்குள் விட வேண்டும் போலிருக்கிறது.

ஆலையில் அகப்பட்டது ஒரு மழை நாளில். காற்றில் ஈரம். இடது பக்கத் தொட்டி காலையிலேயே கூரை கட்டிவிட்டது. அத்தான் வழக்கம்போல் தட்டினார், வலது காதை வைத்தார், போய்விட்டார். அந்தப் பாதிக் காதும் அதற்குள் கால் காதாக ஆகியிருக்க வேண்டும். வெட்டுகிற ஆள் அன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு இழை கூட ஒடியவில்லையாம், இன்று நல்ல முகத்தில் விழித்திருக்கிறாராம். பத்தரை மணிக்கு அவர் கொண்டுவந்த மணியைக் கையில் வாங்கியதுமே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்பது பங்கு மணிக்கு அவ்வளவு பளபளப்பு கிடையாது. உலையில் வைத்தேன். எடுத்து நிறுத்தேன். அறுபத்தாறு.

இன்னொரு சிட்டிகை எடுத்து மறுபடி வைத்தேன். அறுபத்தாறேதான். இரண்டாவது கிண்ணம் ஆறும் வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்பது என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரியாது. வாங்குகிறவன் கூட, பை இந்தத் தடவை நன்றாக இழுக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருப்பான். நான் அறுபத்தாறு என்று எழுதினேன். என் நோட்டு எனக்குப் பெரிதாக இருந்தது.

மேனேஜர் வந்து மேடையில் நின்று கத்தினார். "எத்தனை தடவை சொல்றது, மழை நாள்ல பாத்துக்கய்யான்னு! செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி!" அவர் அறியாமல் சொன்னது. வாய்ப்பழக்கம். ஆனால் நானும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த வாரம் மீட்டர் வந்தது. பொடி நின்றால் மணி அடிக்கும் மீட்டர். அந்த மணி அத்தானுக்குக் கேட்கவில்லை, அது அடித்துக்கொண்டே இருக்க அவர் நின்றுகொண்டே இருந்தார். அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. மூட்டை தைக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. சாயங்காலம் வழியெல்லாம் அவர் என் மேல் ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "நீ எழுதினது சரிதான் சின்னவளே. அவகிட்ட, மேடை ஏறி இறங்க முடியலை, நானே கேட்டு மாறிக்கிட்டேன்னு சொல்லிடு" என்றார். நான் போய் உரக்கச் சொன்னேன். அக்கா, அப்படியா என்று கேட்டுக்கொண்டாள்.

அது நடந்து ஏழெட்டு மாதம் இருக்கும். அக்கா மெலிந்துகொண்டே வந்தாள். கேட்டால் பசியில்லை என்பாள். ஒரு நாள் மதியம் தண்ணீர் குடிக்கும்போது புரையேறி மூச்சு நின்றுபோகப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆலைக்கு போன் செய்ய, நான் ஓடினேன். அத்தான் தையல் மெஷினில் இருந்தார், பின்னால் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததுமே டாக்டர் முகம் மாறிவிட்டது. கட்டி மறுபடி வந்திருக்கிறது, ஆறு மாதமாவது ஆகியிருக்கும், மூச்சுக்குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது, இனிமேல் கத்தி வைக்க முடியாது என்றார். "அப்பவே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். இவங்களுக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார். அத்தான் வலது காதைக் கையால் குவித்துக்கொண்டு அதைக் கேட்டார். இந்தத் தடவை அவர் எதையும் மறைக்கவில்லை.

அவர் மருந்துச் சீட்டோடு கீழே போன நேரத்தில் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் எதிரே இருப்பது நோயாளி என்றெல்லாம் தெரியாது.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டினாள்.

"ஏண்டி சொல்லலை? வாயில கொழுக்கட்டையா இருந்தது?"

"சொன்னேனே" என்றாள், காற்றால். "அவர்கிட்ட சொன்னேன். மறுபடி வந்திருக்கு, இந்தத் தடவை அறுத்துக்க வேணாம்னு இருக்கு, விட்டுடலாமான்னு கேட்டேன். சரின்னாரு."

கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். கையில் அடித்துக் கொடுத்ததெல்லாம் அந்த இடத்திலேயே போயிற்று. "ஐயோ அக்கா, அவருக்கு அது காதுலயே விழுந்திருக்காதே. அவருக்குக் காது கேக்காது. ஆறு வருஷமா நீ பேசினது எதுவுமே கேக்கலை. எனக்குத் தெரியும். நான்தான் உன்கிட்ட மறைச்சேன். பாவி நான்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதாடி?" என்றாள். "கட்டினவருக்குக் காது கேக்குதா இல்லையான்னு கூடவா தெரியாம இருப்பேன்? இடது பக்கம் உக்காந்துதான் சொன்னேன்."

அவளே தொடர்ந்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"முதல் தடவை கழுத்தைத் திறந்து என் குரலை எடுத்தாங்க. இன்னொரு தடவை திறந்தா மூச்சுக்கு ஓட்டை போடுவாங்க, இந்தக் காத்தும் போயிடும். அது எனக்கு வேணாம். ஆனா அவருக்குக் கேட்டிருந்தா விட்டிருப்பாரா? தூக்கிக்கிட்டாவது போய்ப் படுக்க வெச்சிருப்பாரு. அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன்னு சொல்ல எனக்கு வராதுடி."

"அப்ப எதுக்கு அவர்கிட்ட சொன்னே? சொல்லாமலே இருந்திருக்கலாமே!"

"சொல்லாம எப்படி இருக்கறது? அவர்கிட்ட சொல்லாம நான் ஒரு புடவை கூட எடுத்ததில்லை. ஒரு சரி வேணும்னு இருந்தது. கிடைச்சுது."

நான் அவளைத் திட்டினேன். சுயநலக்காரி என்றேன். எங்களை நினைத்துப் பார்த்தாயா என்றேன். இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, அவள் செய்தது நியாயம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர்கிட்ட இதைச் சொல்லாதே" என்றாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் நடுவில் நான், இரண்டு பேரும் என்னிடமே சொல்லாதே என்றார்கள். நான் மறுபடியும் கையில் அடித்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் இருந்தாள். அத்தான் லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வலது காதை அவள் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லு, கேக்குது, சொல்லு" என்பார். அப்போது அவளுக்குப் பேச மூச்சு இல்லை. அவர் கன்னத்தைத் தடவுவாள், அவ்வளவுதான். கடைசி நாள் காலையில் டம்ளரை இரண்டு தட்டு தட்டினாள். அவர் பக்கத்தில்தான் இருந்தார். இருந்தும் தட்டினாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு வெறிச்சென்று ஆன பிறகு அத்தான் காதுக் கருவியை வாங்கிவந்தார். மாட்டவில்லை. டப்பாவோடு அலமாரியில் அவள் டம்ளர் பக்கத்தில் வைத்தார். "இனிமே எதைக் கேக்கறதுக்கு?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பாட்டை எடுத்து வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியான வெயில் வெறும் ஜன்னல் வழியாக நேரே அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சின்னவளே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஆறேழு மாசத்துக்கு முன்னாடி ஒரு சாயங்காலம். இதே மாதிரி துணி மடிச்சுக்கிட்டே அவ என்கிட்ட ஏதோ கேட்டா. வழக்கமா பேசற மாதிரி இல்லை. என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. நான் சரின்னேன். சரின்னதும் என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தது, எதுக்குன்னே தெரியாம." கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "டாக்டர் ஆறு மாசம்னு சொன்னதுலேருந்து எனக்கு அதுதான் நினைப்பா இருக்கு. அன்னிக்கு அவ என்ன கேட்டா? உனக்குத் தெரிஞ்சிருக்கும். உன்கிட்ட சொல்லாம இருந்திருக்க மாட்டா."

நான் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தேன். அப்படியே நின்று உண்மையை முணுமுணுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அக்கா செய்ததையே நானும் செய்துவிட்டால் சொன்ன மாதிரியும் ஆகும், சொல்லாத மாதிரியும் ஆகும். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எழுந்து, அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்துப் பிரித்து, கருவியை வலது காதில் மாட்டிக்கொண்டு, அந்தக் காதை என் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பக்கம் சொல்லு" என்றார்.

பதினோரு வருஷம் சாம்பலை நிறுத்தவள் நான். எண்பது இல்லாததை எண்பது என்று எழுதாதவள். அன்றைக்கு என் கண்ணுக்கு எதிரே தெரிந்தது அந்த வெறும் ஜன்னல்தான்.

"ஜன்னலுக்கு நீலத் திரை வாங்கலாமான்னு கேட்டா, அத்தான்" என்றேன். குரல் உடையாமல், நிறுத்தி, உரக்கச் சொன்னேன்.

"திரையா?"

"வெயில் அடிக்குதே, அதான். ரொம்ப நாளா அவளுக்கு ஆசை. நீங்க சரின்னதும் சந்தோஷத்துல என்கிட்ட ஓடி வந்து சொன்னா."

அவர் என் முகத்தையே பார்த்தார். உதட்டைப் படித்துப் பழகியவர், முகத்தைப் படிக்கத் தெரியாதா என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"அப்ப வாங்கவே இல்லையே" என்றார். "நான் வாங்கிக் கொடுக்கலையே. அதுக்கா சரின்னேன்... சரின்னுட்டு மறந்துட்டேனா?" என்று சொல்லிக்கொண்டே மடித்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் செத்த அன்று கூட அவர் அப்படி அழவில்லை. நான் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. உண்மையைத் தெரிந்துகொண்டு அழுவதைவிட இதற்காக அழட்டும் என்று நின்றிருந்தேன்.

மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்பும்போது ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னலில் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். காதில் கருவி இருந்தது. கடையில் நாலு நீலம் காட்டினார்களாம், எதை எடுப்பதென்று தெரியாமல் அரை மணி நேரம் நின்றாராம். திரையைக் கம்பியில் கோத்து இழுத்துவிட்டார். அறை முழுவதும் நீலமாக ஆயிற்று. இறங்கி வந்து, திரையைப் பிடித்துக்கொண்டே வலது பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

"அவ சொன்ன நீலம் இதுதானா?" என்றார்.

"இதேதான் அத்தான்" என்றேன்.

"சரி" என்றார்.